ஆபரேஷன் செய்த கண், செய்யாத கண், நடுவில் சுகர்

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. வயது 61. 14 வருடமாகச் சுகர், மாத்திரையோடு இரவில் இன்சுலினும் உண்டு. இரண்டரை மாதத்துக்கு முன் வலது கண்ணில் புரை ஆபரேஷன் ஆனது. முதல் மூன்று வாரம் பளிச்சென்று தெரிந்தது. அப்புறம் பார்வை ஒரு நாள் போல் ஒரு நாள் இல்லை. இரண்டு கடைகளில் பவர் பார்த்ததில் இரண்டு விதமாகச் சொன்னார்கள். வீட்டில் "சுகர் ஏறி இறங்குது, அதான்" என்கிறார்கள். புதுக் கண்ணாடி போட்டுவிடலாமா, இடது கண்ணையும் இப்போதே செய்துகொள்ளலாமா என்பது நீங்கள் கேட்டது. கேட்காமல் விட்டது இன்னொன்று இருக்கிறது என்று நினைக்கிறேன்: ஆபரேஷன் சரியாக நடக்கவில்லையோ என்ற பயம்.

நான் ஆப்டோமெட்ரிஸ்ட். பவர் பார்ப்பது, உள்ளே வைக்க வேண்டிய லென்ஸுக்கு அளவெடுப்பது, ஆபரேஷன் முடிந்து மறுபரிசோதனைக்கு வருகிறவர்களை டாக்டரிடம் அனுப்பும் முன் உட்கார வைத்து எழுத்து படிக்கச் சொல்வது, இதுதான் என் பல வருட வேலை. டாக்டர் அல்ல. உங்கள் விழித்திரையை நான் பார்க்கவில்லை; அதைப் பார்க்காமல் யார் என்ன சொன்னாலும் பாதிப் பதில்தான். ஆனால் உங்கள் வீட்டார் சொல்லும் காரணம் எந்தக் கண்ணுக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதை இங்கிருந்தே சொல்ல முடியும்.

உறுதியான விஷயம் முதலில். உங்கள் வலது கண்ணில் இப்போது இருக்கும் லென்ஸ் சுகருக்கு ஆடாது. பிறவியில் வந்த லென்ஸ் உயிருள்ள பொருள். ரத்தத்தில் சர்க்கரை கூடும்போது அதற்குள்ளும் சர்க்கரை போகிறது, அங்கே சார்பிட்டால் என்ற பொருளாக மாறித் தங்குகிறது, அது தண்ணீரை இழுக்கிறது. ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி லென்ஸ் கொஞ்சம் உப்பி, ஒளியை வளைக்கும் தன்மையும் மாறிவிடுகிறது. சுகர்காரர்களுக்குப் பவர் ஏறி இறங்குவதற்கு முக்கியக் காரணம் இதுதான். புரை ஆபரேஷனில் அந்த லென்ஸின் உள்ளிருப்பதை எடுத்துவிட்டு, அதன் உறையை மட்டும் விட்டு, அதற்குள் ஒரு பிளாஸ்டிக் லென்ஸை வைக்கிறார்கள். 1949-இல் லண்டனில் ஹரால்ட் ரிட்லி என்ற டாக்டர் முதன்முதலில் இதைச் செய்யக் காரணமே, போர் விமானிகளின் கண்ணுக்குள் தெறித்த விமானக் கண்ணாடியின் பிளாஸ்டிக் துண்டுகள் கண்ணை ஒன்றும் செய்யாமல் சும்மா கிடந்ததை அவர் கவனித்ததுதான். மதுரை ஆரோலேபில் 1992 முதல் செய்யப்படும் லென்ஸும் சரி, லட்ச ரூபாய் சொல்லும் வெளிநாட்டு லென்ஸும் சரி, இந்த விஷயத்தில் ஒன்றுதான். உங்கள் சுகர் 110 ஆனாலும் 310 ஆனாலும் அதன் பவர் அதேதான். அபூர்வமாகச் சில வகை லென்ஸ்களில் வருடங்கள் கழித்துக் கால்சியம் படிந்து மங்குவது உண்டு. அது மெதுவாக மங்கும். இன்று தெளிவு, நாளை மங்கல் என்று விளையாடாது.

இடது கண்ணில் பழைய லென்ஸ்தான் இருக்கிறது. அது சுகருக்கு ஆடும். ஆக உங்கள் முகத்தில் இப்போது இரண்டு வகைக் கண்கள். இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு "மங்கலாக இருக்கு" என்று சொன்னால் எந்தக் கண்ணின் கதை என்று யாருக்கும் தெரியாது. நாளைக் காலையிலிருந்து இதை மட்டும் செய்யுங்கள்: சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரை ஒரே இடத்திலிருந்து, ஒரே வெளிச்சத்தில், வழக்கமாகப் போடும் கண்ணாடியோடு, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். அப்புறம் மறு கண். விரலால் கண்ணை அழுத்தி மூடாதீர்கள். அழுத்திய கண் கொஞ்ச நேரத்துக்கு மங்கலாகவே காட்டும். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், பக்கத்தில் அன்றைய சுகர் அளவு. ஒரு வாரம் எழுதினால் போதும். மறுபரிசோதனைக்கு வரும்போது இந்தத் தாளைக் கொண்டு வருகிறவர்கள் எங்கள் வேலையைப் பாதியாகக் குறைக்கிறார்கள்.

ஏறி இறங்குவது இடது கண்தான் என்று தெரிந்தால், வீட்டார் சொன்னது சரி. சுகர் நிலைப்படும்வரை அந்தக் கண்ணுக்குப் புதுப் பவர் வாங்காதீர்கள். மருந்தை மாற்றியிருந்தால் ஒரு மாதம், ஒன்றரை மாதம் பொறுத்துப் பார்ப்பதுதான் வழக்கம். பொதுவாகச் சுகர் ஏறியிருக்கும்போது கிட்டப்பார்வைப் பக்கமும், வேகமாக இறங்கிய பிறகு தூரப்பார்வைப் பக்கமும் பவர் சாயும் என்பார்கள். மாறும் என்பதில் சந்தேகமில்லை. எந்தப் பக்கம், எவ்வளவு என்பதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு, ஆய்வுகளும் ஒரே குரலில் பேசுவதில்லை. "வெள்ளெழுத்துக் கண்ணாடியே இல்லாமல் பேப்பர் படிக்கிறேன், கண் நல்லாகிவிட்டது" என்று சந்தோஷமாக வருகிறவர்களுக்கு நான் முதலில் கேட்பது சுகர் எவ்வளவு என்றுதான். புரை முற்றும்போதும் இதே போல் கிட்டத்துப் பார்வை தெளிவது உண்டு.

சரி, மாறுவது வலது கண் என்றால்? அப்போதுதான் "சுகர்தான்" என்ற பதில் ஆபத்தாகிறது. அந்தக் கண்ணில் சுகர் லென்ஸ் வழியாக வேலை செய்ய முடியாது. கருவிழியின் வளைவு சுகரோடு லேசாக மாறும் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, சில இல்லை என்கின்றன. இருந்தாலும் நீங்கள் சொல்லும் அளவுக்கு மங்கலை அது விளக்காது. வேறு காரணம் தேட வேண்டும். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகவே இருக்கும்.

மிகச் சாதாரணமானது, ஒரே தூரத்துக்கான லென்ஸ் வைத்திருப்பது. நம் ஊரில் பெரும்பாலானோருக்கு வைப்பது இதுதான். தூரம் தெளிவாகத் தெரியும், படிக்கக் கண்ணாடி வேண்டும். ஆபரேஷனுக்குப் பின் கண்ணாடியே வேண்டாம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள், இவரும் செல்போனைப் பார்த்து மங்கல் என்பார். அது கோளாறே இல்லை. அடுத்தது காயம் ஆறும் காலம். கருவிழி ஓரத்தில் போட்ட சின்ன வெட்டு ஆறும்போது பவர் கொஞ்சம் நகரும். அதனால்தான் நான்கு முதல் ஆறு வாரம் கழித்துக் கண்ணாடி எழுதுகிறோம். உங்களுக்கு இரண்டரை மாதம் ஆகிவிட்டதால் இது முடிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, கண் வறட்சி. இதை யாரும் காரணமாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் ஒரே நாளுக்குள் தெளிவும் மங்கலும் மாறி மாறி வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். நீண்டநாள் சுகர் இருப்பவர்களுக்குக் கருவிழியின் உணர்ச்சி குறைந்திருக்கும், கண்ணீரின் தரமும் குறைவாக இருக்கும். ஆபரேஷனும் சொட்டு மருந்துகளும் சில மாதங்களுக்கு அதைக் கூட்டும். அடையாளம் சுலபம்: கண்ணை நன்றாகச் சிமிட்டினால் சில நொடி தெளிந்து மறுபடி மங்கும், ஃபேன் காற்றிலும் டிவி முன்னாலும் சாயங்காலத்திலும் அதிகமாக இருக்கும், மணல் விழுந்த மாதிரி உறுத்தும். உணர்ச்சி குறைந்த கண்ணில் உறுத்தல் இல்லாமலும் இருக்கலாம். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு பெரும்பாலானோருக்குக் கேட்கும்.

இரண்டு கடைகளில் இரண்டு பவர் வந்தது பற்றி. கால், அரைப் பாயின்ட் வித்தியாசம் அளவெடுப்பதில் சாதாரணம், வறண்ட கண்ணில் இன்னும் அதிகம். மெஷினில் தாடையை வைத்தால் வரும் சீட்டு முடிவான பவரும் அல்ல, ஆரம்பப் புள்ளி. நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது பவரை விட முக்கியமான இன்னொரு எண்: சரியான கண்ணாடி போட்ட பிறகு வலது கண் எந்த வரிவரை படித்தது? அது 6/6, 6/9, 6/18 என்று சீட்டில் இருக்கும்; 6/6 நல்ல பார்வை, கீழே உள்ள எண் கூடக் கூடப் பார்வை குறைவு. ஆபரேஷன் முடிந்த முதல் மாதம் 6/6 படித்த கண், இப்போது எந்தக் கண்ணாடி போட்டாலும் 6/18-ஐத் தாண்டவில்லை என்றால், அது கண்ணாடிக் கடையில் தீர்கிற விஷயமே அல்ல. இதற்கு நாங்கள் துளையிட்ட கறுப்பு மூடியை வைத்துப் பார்ப்போம். சின்னத் துளை வழியே பார்த்தால் எழுத்து தெளிந்தால் பவர் பக்கம் ஏதோ இருக்கிறது. தெளியாவிட்டால் பெரும்பாலும் பின்னால், விழித்திரையில் தேட வேண்டும். வீட்டிலேயே ஒரு அட்டையில் குண்டூசியால் துளை போட்டு இதைப் பார்க்கலாம். தெளிந்துவிட்டது என்பதற்காக டாக்டரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்தியது "முதல் மூன்று வாரம் பளிச்சென்று, அப்புறம்" என்ற இடம். புரை ஆபரேஷனுக்குப் பின் விழித்திரையின் நடுப்பகுதியில், மேக்குலா என்கிறோமே, அதில் நீர் கோத்துக்கொள்வது உண்டு. ஆபரேஷன் நன்றாக நடந்த கண்ணிலும் வரும். பெரும்பாலும் நான்கு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் தெரியும். 2016-இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வு 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்களின் பதிவுகளைப் பார்த்தது: ஆபரேஷன் ஆன 90 நாளுக்குள் இது வந்தது சுகர் இல்லாதவர்களில் நூற்றுக்குச் சுமார் 1 கண்ணில், சுகர் உள்ளவர்களில் சுமார் 4 கண்ணில். அதாவது சுகர்காரர்களின் 100 கண்களில் சுமார் 96-இல் வரவில்லை. உங்களுக்கு வந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் காலக்கணக்கு பொருந்துகிறபோது பார்க்காமல் விடக் கூடாது. இதில் மங்கல் நடுவில் இருக்கும்; நிறங்கள் வெளுத்துத் தெரியலாம், ஜன்னல் கம்பியோ தரை ஓட்டின் கோடோ வளைந்து தெரியலாம். சிலருக்குக் காலையில் எழுந்ததும் அதிகமாகவும் போகப் போகக் குறைவாகவும் இருக்கும், வறட்சிக்கு நேர் எதிர். விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேன் எடுத்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும், ஊசி இல்லை, வலி இல்லை. பலருக்குச் சொட்டு மருந்திலேயே வடியும், சிலருக்குக் கண்ணுக்குள் ஊசி தேவைப்படும். ஆபரேஷனால் வந்த நீரா, சுகரால் ஏற்கனவே கசிந்துகொண்டிருந்த நீரா என்று பிரிப்பது டாக்டருக்கே சில நேரம் கஷ்டம், இரண்டும் கலந்தும் இருக்கும். வைத்தியம் அதைப் பொறுத்து மாறும் என்பதால் ஆபரேஷனுக்கு முன் எடுத்த ஸ்கேன் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

"புரை திரும்ப வளர்ந்துவிட்டது" என்று உங்களுக்கு யாராவது சொல்வார்கள். புரை திரும்ப வராது. உள்ளே விட்டுவைத்த உறையின் பின்பக்கம் மாதங்கள், வருடங்கள் கழித்து மங்கலாகும். அதைச் சரிசெய்ய யாக் லேசர் என்று சில நிமிட வேலை, கத்தி கிடையாது. இரண்டரை மாதத்தில் வருவது குறைவு.

இவையெல்லாம் ஒரு வாரத்துக்குள் போய்ப் பார்க்கலாம் என்கிற ரகம். அன்றைக்கே போக வேண்டியவை வேறு. கண் சிவந்து, வலித்து, பார்வை மணிக்கு மணி குறைந்தால் அது கிருமித்தொற்றாக இருக்கலாம். ஆபரேஷனான முதல் இரண்டு வாரத்தில்தான் பெரும்பாலும் வரும் என்றாலும் பிறகும் வரலாம், வலியே இல்லாமலும் வரலாம். திடீரென்று கொசுக்கூட்டம் பறப்பது போலக் கரும்புள்ளிகள், மின்னல் வெட்டுவது போல ஒளி, ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவது, இவை விழித்திரை கிழிந்ததாலோ சுகரால் உள்ளே ரத்தம் கசிந்ததாலோ இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி என்று பார்க்காதீர்கள்.

ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். சுகர் திடீரென்று தாழ்ந்தால் இரண்டு கண்ணுமே மங்கும், ஆபரேஷன் செய்த கண்ணும் சேர்த்து. லென்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மூளைக்குப் போகும் சர்க்கரை குறைந்ததால் வருவது. வியர்வை, நடுக்கம், படபடப்போடு மங்கினால் முதலில் குளுக்கோமீட்டர். 70-க்குக் கீழே என்றால் சர்க்கரைத் தண்ணீர். கண் டாக்டர் அப்புறம்.

சொட்டு மருந்து பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஆபரேஷனுக்குப் பின் கொடுப்பதில் ஒன்று ஸ்டீராய்டு. சொட்டாக விடும்போது ரத்தச் சர்க்கரையை அது பெரிதாக ஏற்றுவதில்லை. மாத்திரையாகவோ கண்ணைச் சுற்றி ஊசியாகவோ கொடுத்தால் ஏற்றும். உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கண் மங்குகிறதே என்று பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் அதே சொட்டை வாங்கி மாதக்கணக்கில் விடுகிறவர்கள் நிறைய. சிலருக்கு இதனால் கண் அழுத்தம் ஏறும், வெளியே எந்த அறிகுறியும் தெரியாது, நரம்பு போன பிறகுதான் தெரியும். சீட்டில் எழுதிய நாளோடு நிறுத்துங்கள். சொட்டு விட்டதும் கண்ணை மூடி மூக்கோரத்து மூலையை இரண்டு நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்கு இறங்குவது குறையும்.

இரவில் இன்சுலின் போடும்போது சிரிஞ்சுக் கோடு சரியாகத் தெரியவில்லை என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வி முழுவதிலும் இன்று ராத்திரியே சரிசெய்ய வேண்டியது அந்த வரிதான். நம் நாட்டில் குப்பி இன்சுலின் 40 யூனிட் அளவிலும் 100 யூனிட் அளவிலும் கிடைக்கிறது. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கானதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால் நினைத்ததை விட இரண்டரை மடங்கு மருந்து உடம்புக்குள் போகும். மங்கலான கண்ணுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்று போலத்தான் இருக்கும். கண் தெளியும்வரை வீட்டில் ஒருவர் கோட்டைப் பார்த்துச் சொல்லட்டும். தனியாக இருப்பவர் என்றால் இன்சுலின் பேனாவுக்கு மாற முடியுமா என்று சுகர் டாக்டரைக் கேளுங்கள். பேனாவிலும் டக் டக் சத்தத்தை எண்ணி மட்டும் போடாதீர்கள், எண்ணைப் பார்த்தாக வேண்டும். நல்ல வெளிச்சமும் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸும் போதும். கால் பாதத்தையும் இதே காரணத்துக்காக இந்த மாதங்களில் வேறொருவர் பார்ப்பது நல்லது. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்குங்கள். ஒரு கண் ஆபரேஷனாகி மறு கண் ஆகாமல் இருக்கும்போது தூரமும் ஆழமும் தப்பாகத் தெரியும்.

பயந்துபோய் ஒரே மாதத்தில் சுகரைத் தடாலென்று இறக்கவும் வேண்டாம். நீண்ட நாள் கணக்கில் கட்டுப்பாடு விழித்திரையைக் காப்பாற்றுகிறது என்பது சந்தேகத்துக்கு இடமில்லாதது. ஆனால் ஏற்கனவே விழித்திரை பாதித்திருப்பவர்களுக்கு, மிக வேகமாக இறக்கினால் தற்காலிகமாக அது மோசமாவதும் பதிவாகியிருக்கிறது. சுகர் டாக்டரிடம் விழித்திரை ரிப்போர்ட்டைக் காட்டி வேகத்தை அவர் முடிவு செய்யட்டும். இரண்டு டாக்டர்களும் ஒருவர் சீட்டை ஒருவர் பார்ப்பதே இல்லை என்பதுதான் நான் அடிக்கடி காண்பது. ரத்த அழுத்தமும் இதில் சேர்த்தி.

இடது கண்ணுக்கு வருகிறேன். இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் அதிகமாக இருந்தால் தலைவலியும் தடுமாற்றமும் வரும், மறு கண்ணையும் செய்தால் அது பெரும்பாலும் தீரும். அதனால் தள்ளிப்போடச் சொல்லவில்லை, வரிசையை மாற்றச் சொல்கிறேன். முதலில் வலது கண்ணுக்குக் கண்மணியை விரிக்கும் மருந்து போட்டு விழித்திரைப் பரிசோதனையும் ஓ.சி.டி.யும். அங்கே நீர் இருந்தால் அது வடிய வேண்டும், இடது கண்ணுக்கு முன்னெச்சரிக்கைச் சொட்டு வேண்டுமா என்றும் டாக்டர் யோசிப்பார். இடது விழித்திரையில் கசிவு இருந்தால் அதற்கு வைத்தியம் முதலில், புரை அப்புறம். இரண்டும் சுத்தம் என்றால் சுகர் ஓரளவு நிலையாக இருக்கும் ஒரு வாரத்தில் லென்ஸுக்கு அளவெடுக்கலாம். கண்ணாடியே வேண்டாத மல்டிஃபோக்கல் லென்ஸ் என்று யாராவது ஆசை காட்டினால், விழித்திரையில் சுகர் பாதிப்பு உள்ளவர்களுக்கு அது பொதுவாக ஏற்றதல்ல என்று பெரும்பாலான டாக்டர்களே சொல்வார்கள். அந்த லென்ஸ் வெளிச்சத்தைப் பங்கு போடுவதால் எழுத்தின் அழுத்தம் குறையும், பலவீனமான மேக்குலாவுக்கு அது கட்டுப்படியாகாது. போகும்போது வலது கண்ணில் வைத்த லென்ஸின் ஸ்டிக்கர் ஒட்டிய அட்டை, டிஸ்சார்ஜ் சீட்டு, இரண்டு கடைகளில் கொடுத்த பவர் சீட்டுகள், அந்த ஒரு வாரத் தாள் எல்லாம் கையில் இருக்கட்டும். மருந்து போட்டால் நாலைந்து மணி நேரம் கண் கூசும், வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.